ராஜாவின் கன்னம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது?

பழைய காசைக் கையில் வாங்கி, அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் தொழிலில் இருப்பவர்களுக்கு நோய் கண்ணில் வராது, வயிற்றில்தான் வரும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிப்படி ஏறி வந்தால் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் தபால்தலை பார்ப்பார், நாணயம் என் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் சும்மா உட்காரப் பிடிக்காமல் லென்ஸைக் கையில் எடுத்தேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. தாத்தா வைத்திருந்தது, மாமியார் கொடுத்தது, பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது என்று தினமும் யாராவது ஒரு காசைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார்கள். ராஜாவின் கன்னம், காதுக்கு மேலே உள்ள முடி, கிரீடத்தின் நுனி என்று எதெல்லாம் மேடாக இருக்கிறதோ அதுதான் முதலில் தேயும். அங்கே பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். ‘வெரி ஃபைன்’ என்று ஒரு தரம் உண்டு. கேட்பதற்குத்தான் பெருமையாக இருக்கும், வீட்டுப் பேச்சில் அதற்குப் ‘பரவாயில்லை’ என்று அர்த்தம்.

நகைக்கடையில் நாள் முழுக்க நின்று அடுத்தவள் கழுத்தில் ஆரம் மாட்டிவிடுகிற பெண்களுக்கும், வாடகை வீட்டில் இருந்துகொண்டு பிறத்தியாருக்குப் பங்களா பிளான் போடுகிற என்ஜினியர்களுக்கும் நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். பிறர் பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘நல்லா இருக்குங்க’ என்று சிரித்துத் திருப்பிக் கொடுக்கிற கூட்டம் நாம். நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது?

குளித்துவிட்டு வந்த ராணி

உறையூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவின் பெரியப்பா வாரிசில்லாமல் போனவர். அவர் பெட்டியைத் திறந்தபோது துணியில் முடிந்து வைத்திருந்த ஒரு வெள்ளி ரூபாய் இவர்கள் பங்குக்கு வந்திருக்கிறது. விக்டோரியா ராணி தலை போட்டது. அந்த வகையில் என்னிடமும் ஒன்று உண்டு. அதில் ராணிக்கு மூக்கு இல்லை, கண் இல்லை, யாரோ ஒரு அம்மா என்று மட்டும் தெரியும். நல்லதாக ஒன்று கிடைக்காதா என்று மதுரை, சென்னை என்று கண்காட்சி கண்காட்சியாக அலைந்தவள் நான். இவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் வந்து விழுந்திருக்கிறது. அந்த அம்மா முடிச்சை அவிழ்க்கும்போதே நான் லென்ஸைத் துடைத்து எடுத்துக்கொண்டேன்.

அவிழ்த்தால், காசு எவர்சில்வர் மூடி மாதிரி பளபளவென்று இருந்தது. ராணியின் உடுப்பில் உள்ள பூ வேலை ஒன்றுகூடத் தேயவில்லை. ஆனால் லென்ஸில் பார்த்தால் முகம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கீறல். விசாரித்ததில், புளி போட்டுத் துலக்கி, அதற்குப் பிறகு பழைய பிரஷில் விபூதி தொட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கு வயதாக ஆக மேலே ஒரு கறுப்புப் படியும், அது அழுக்கு இல்லை, அதுதான் அதன் தோல், உரித்தால் திரும்ப வராது என்று நிதானமாகத்தான் சொன்னேன். நிதானமாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. என்னிடம் வந்திருந்தால் அதன்மேல் மூச்சுக்கூட விட்டிருக்க மாட்டேன் என்ற எரிச்சல் குரலில் வந்திருக்க வேண்டும். அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“டாக்டர்கிட்ட போறதுன்னாலும் குளிப்பாட்டித்தானேங்க கூட்டிட்டுப் போவோம்? அழுக்கோட கொண்டாந்தா எங்க பெரியப்பாவைப் பத்தி நீங்க என்ன நெனைப்பீங்க?”

சார் வரட்டும்

கடையில் நாணயம் பார்ப்பது நான் என்று போர்டிலேயே எழுதியிருக்கிறது. இருந்தாலும் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் காசைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சார் வரட்டும், நான் இருக்கேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் டீ குடித்துவிட்டு வந்தார். காசை வாங்கினார், வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார், எதுவும் தெரியாமல் என்னிடம் நீட்டினார். நான் பார்த்து, பின்பக்கத்து மாலை நன்றாக இருக்கிறது, முகம்தான் தேய்ந்துவிட்டது என்று அவர் காதில் சொன்னேன். அவர் அதையே பெரியவரிடம் சொன்னார். பெரியவர் முகம் மலர்ந்துபோய், இவ்வளவு நுணுக்கமாப் பாக்கறதுக்குத் திருச்சியில ஆள் இல்லைங்க என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பூட்டிக்கொண்டு இறங்கும்போது அவரே ஆரம்பித்தார்:

“எனக்கு எதுக்கு அந்தப் பேரு? நீ சொன்னதைத்தான் நான் கொஞ்சம் சத்தமா சொன்னேன், அவ்வளவுதானே?”

விட்டுக்கொடுப்பதற்கு முன்

ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். மூத்தவர் ஸ்கூல் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், இளையவர் இன்னும் ஆபீஸ் போகிறவர். அவர்கள் அப்பா வீட்டில் பெருமாள் சந்நிதியில் வைத்து ஆராதித்துவந்த இரண்டு வெள்ளி ரூபாய்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ராஜா, ஒரே வருஷம். சண்டை என்று ஒன்றுமில்லை என்று இருவருமே தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். வெறுமனே தரம் தெரிந்துகொள்ளத்தான் வந்தார்களாம்.

நான் இரண்டையும் வாங்கிப் பச்சைத் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் ராஜாவின் காதுக்கு மேல் முடி கற்றை கற்றையாகத் தெரிந்தது, மற்றதில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மூத்தவர், அந்த முடி தெரிகிறதே, அது என்னோடது என்றார். இளையவர், இல்லை, உன்னோடதுல சந்தனம் ஒட்டியிருக்கும், பார் என்றார். பார்த்தால் இரண்டிலும் சந்தனம். யார் எதைக் கொடுத்தார்கள் என்பதை வாங்கும்போது நானும் கவனிக்கவில்லை. இருவரும் எழுந்து நின்றுகொண்டார்கள். பத்து வயதில் பட்சணத்துக்கு நின்ற அதே நிற்பு என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கோ, இவர்கள் வீட்டில் இரண்டு இருந்திருக்கிறதே என்பதுதான் உறுத்தியது.

கொஞ்ச நேரத்தில் மூத்தவருக்கே தன்னைப் பார்த்து வெட்கமாகிவிட்டது. தம்பி முதுகில் தட்டி, நீயே முதலில் எடுத்துக்கோ, எனக்கு எதுவானாலும் அப்பா வைத்துப் பூஜித்தது என்றார். இளையவர் கையை நீட்டினார். அந்தக் கை துணிக்கு மேலே வருவதற்குள் மூத்தவர் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“எடுத்துக்கட்டும், ஆக்ஷேபணையே இல்லை. ஆனா ரெண்டுல உசத்தி எதுங்கறதை மட்டும் சொல்லிடுங்கோ, தெரிஞ்சுண்டு விட்டுக்கொடுக்கறேன்.”

எல்லாக் காசும் புதுசு

திருவானைக்காவலில் என்னைப் போலவே நாணயம் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் போகிற எந்தக் காசும் தேய்ந்ததாகச் சரித்திரம் இல்லை. எதைக் காட்டினாலும் ‘அருமை’, ‘அச்சடிச்ச மாதிரி இருக்கு’ என்பார். ஜனங்கள் அவரிடம் போய்ச் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள், பிறகு இன்னொரு வார்த்தையும் கேட்டுக்கொள்ளலாம் என்று என்னிடம் வந்து முகம் வாடிப் போவார்கள். அவர் கடை வாசலில் எப்போதும் நாலு செருப்பு கிடக்கும். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் எண்ணிவிடுவேன்.

மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தாய்மாமன் வழியில் வந்த ஒரு செப்புக் காசைக் கொண்டுவந்தார். ராஜராஜன் காலத்து வகை, ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள். இதில் நிற்கிறவரும் உட்கார்ந்தவரும் கிட்டத்தட்ட எழுந்து போய்விட்டார்கள், அவ்வளவு தேய்மானம். உள்ளதைச் சொன்னேன். திருவானைக்காவல்காரர் இதையும் அருமை என்றாராம். சும்மா இருக்க முடியாமல், அவர் எப்படிப் பார்த்தார், லென்ஸ் வைத்தாவது பார்த்தாரா என்று கேட்டேன். அந்த மனிதர் காசை மடித்து வேட்டியில் செருகிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்:

“அவரு காசைக் கையில வெச்சுக்கிட்டு எங்க மாமாவைப் பத்தி ரொம்ப நேரம் கேட்டாருங்க. நீங்க காசைப் பத்தி மட்டும்தான் சொன்னீங்க.”

குதிரைப் பக்கம்

கே.கே. நகரிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கைப்பையிலிருந்து ஒரு பவுன் காசை எடுத்தாள். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். சங்கிலியில் கோக்க மேலே வளையம் வைத்துப் பற்றவைத்திருந்தது. மாமியார் வீட்டுப் பரம்பரைச் சொத்து, மாமனாரின் அப்பா காலத்திலிருந்து பெட்டியிலேயே இருந்தது, கல்யாணத்தின்போது எடுத்து எனக்குப் போட்டார்கள், நானும் நாள் கிழமைக்குத்தான் போடுவேன், அதற்கு முன்னால் யாரும் போட்டதில்லை என்றாள். சொல்லும்போது அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு பெருமை இருந்தது. என் கழுத்தில் கிடப்பது நானே சீட்டுக் கட்டி வாங்கிய டாலர். எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லென்ஸில் பார்த்தேன். குதிரைப் பக்கம் கூர்மையாக இருந்தது, வீரனின் தொப்பிகூட அப்படியே நின்றது. திருப்பினால் ராஜாவின் கன்னமும் தாடியும் ஒரே வழுவழுப்பு. பெட்டியில் கிடந்த காசு இப்படித் தேயாது. கைமாறிப் புழங்கிய காசு இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். இது ஒரே பக்கம், அதுவும் மெத்தென்று, மெருகு போட்டது போல. நெஞ்சில் பட்டுப் பட்டுத் தேய்ந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை. இதை யாரோ ரொம்ப காலம் விடாமல் போட்டிருக்கிறார்கள், நாள் கிழமைக்கு மட்டும் போட்டுக் கழற்றியிருந்தால் இவ்வளவு ஆகாது, குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழுத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் காசை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, தன் கணவருக்கு இது இரண்டாம் கல்யாணம் என்றாள். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாளாம். அவள் நகையெல்லாம் அவள் பிறந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றுதான் இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் போட்டதாக இருக்கலாமே என்று நான் அவசரமாக வேறு வழி காட்டினேன். மாமியார் ருத்திராட்சம் தவிர வேறு எதுவும் போட்டு அவள் பார்த்ததில்லை, பழைய போட்டோக்களிலும் அப்படித்தான். “தூங்கும்போதுமா?” என்று ஒருமுறை கேட்டாள். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுக்கு அந்தக் காசின்மேல் கோபமில்லை. அதைக் கழற்றாமலே போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்த வீட்டில் என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் சண்டையாவது போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். விற்கிற யோசனை இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். சங்கிலியைக் கைப்பையிலிருந்து எடுத்து, காசை அதில் கோத்து, ராஜா வெளியே தெரிகிற மாதிரி திருப்பி மாட்டிக்கொண்டாள். எழுந்திருக்கும்போது சொன்னாள்:

“ராஜாவை அவங்க தேச்சிட்டாங்க, இருக்கட்டும். குதிரைப் பக்கம் என்னுது.”

தம்பியின் சட்டைப் பை

கடைசியாக, எங்கள் வீட்டுக் காசு. எங்கள் அப்பா காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் எடை போடுகிறவராக இருந்தார். அவரிடம் ஒரே ஒரு பழைய வெள்ளி ரூபாய் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் ராஜா பட்டத்துக்கு வந்ததும் முதலில் அடித்தது. ராஜா அங்கியின்மேல் ஒரு சங்கிலி, அதில் பொட்டு அளவுக்கு ஒரு யானை இருக்கும். தும்பிக்கை சரியாக விழாததால் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் பேசி, சர்க்கார் அந்த ரூபாயை நிறுத்திவிட்டு, அடுத்த தடவை யானையைத் திருத்தி அடித்தது என்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த முதல் யானைதான் வேண்டும். குடும்பத்திலேயே இதன் அருமை தெரிந்த ஒரே ஆள் நான். அப்பா அதைத் தம்பி செந்திலுக்குக் கொடுத்தார்.

செந்தில் திருவெறும்பூரில் இருக்கிறான், ஃபேக்டரி வேலை. அப்பா போன பிறகு அவன் அந்தக் காசைப் பற்றிப் பேச்செடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. கேட்காததால் மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அவன் வீட்டுக்குப் போனால் பீரோ சாவி எங்கே தொங்குகிறது என்று என் கண் தானாகத் தேடும். கூட வேலை செய்கிறவர்கள் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பன்றி ரூபாய் வைத்திருப்பவன் அதிர்ஷ்டசாலி என்று அவனைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தான். சட்டைப் பைக்குள் கையை விட்டு பைக் சாவி, பேனா, சில்லறை எல்லாவற்றோடும் சேர்த்து அந்தக் காசை அள்ளி மேஜைமேல் வைத்தான். பீரோவிலாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாவிக்கொத்தோடு புரண்டுகொண்டிருக்கிறது.

லென்ஸை வைத்தேன். பின்பக்கத்தில் வருஷம் தெரிந்தது. முன்பக்கத்தில் ராஜா இல்லை. கிரீடம் இருந்த இடத்தில் ஒரு மேடு, அங்கி இருந்த இடத்தில் ஒரு சரிவு, யானை, பன்றி எதுவும் இல்லை. கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. ரொம்ப நேரம் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், தரம் குறைவாக இருந்ததில் முதலில் எனக்கு ஒரு குளிர்ச்சி வந்தது. இதற்கெல்லாம் ஆல்பத்தில் இடமே கிடையாது, வெள்ளி எடைக்குத்தான் போகும் என்று சொன்னேன். அவன் முகம் தொங்கும் என்று எதிர்பார்த்தேன். சரிக்கா, அவனுங்க கேட்டானுங்களேன்னு வந்தேன் என்று சிரித்தான்.

பிறகு அவனாகவே பேசினான். மண்டியில் லாரி வரக் காத்திருக்கும்போதெல்லாம் அப்பா இதைப் பைக்குள் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாராம், அது எனக்கும் தெரியும். தெரியாதது மற்றது. வாதம் வந்து பேச்சு நின்றுபோய் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், அப்பா கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்துக் காட்டுவாராம். நர்ஸுகள் பணம் கேட்கிறார் என்று நினைத்தார்களாம். செந்திலுக்கு மட்டும் புரிந்து, காசை எடுத்து வந்து கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டானாம். அப்பாவுக்குத் தானாகத் தேய்க்க முடியாமல் போனபோது இவன் அவர் விரலைப் பிடித்துத் தேய்த்துவிட்டிருக்கிறான். நான் கடையைச் சாத்திவிட்டு தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன். அந்த விரல் என்ன கேட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. இதுவரை வந்ததெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இனிமேலாவது தேயாமல் இருக்கட்டும், நான் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து பார் என்று சொன்னேன். குரல் எனக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது. செந்தில் சாவியையும் பேனாவையும் பையில் போட்டான். காசை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் மெதுவாகத் தடவினான், ராஜா இல்லாத அந்தப் பக்கத்தை. தடவுகிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

“அப்பா நல்லா இருந்தப்பவே நான் சொன்னேன்க்கா, ‘அக்காதானே இதையெல்லாம் பாக்குது, அதுக்கிட்டயே குடுங்க’ன்னு. ‘வேணாம்டா, அவ கவர்ல போட்டு வெச்சிருவா’ன்னாரு.”

ஆக, இத்தனை வருஷத் தொழிலில் தேய்மானமே இல்லாமல், அச்சடித்த அன்றைக்கு இருந்தபடியே முதல் தரத்தில் நான் பார்த்த ஒரே பொருள் என் வயிற்றெரிச்சல்தான்.